நூல் நிலையத்தைப் புதுப்பிக்கும் முன் ஊரைக் கேட்போம்

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. வடத்தைப் பிடிக்கும் கைகள் பல. ஆயினும் தேர் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், எந்த இடத்தில் முட்டுக்கட்டை போட வேண்டும் என்பதை எல்லோரும் முன்னரே அறிந்திருப்பதால்தான் அது நிலைக்கு வந்து சேருகிறது. பொதுக் கட்டடம் ஒன்றைப் புதுப்பிக்கும் பணியும் இத்தகையதே. பணம் கொடுப்பவர், திட்டம் வரைபவர், கல் அடுக்குபவர், பின்னர் அதனைப் பயன்படுத்துபவர் ஆகிய நால்வரும் ஒருவரையொருவர் அறியாமல் வேலை செய்தால், கட்டடம் எழும், பயன் எழாது.

செங்கற்பட்டு மாவட்டம் 2019ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. ஏரிப் பாசனக் கிராமங்கள் ஒருபுறமும், மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரைக் குப்பங்கள் மறுபுறமுமாக அமைந்த இப்பகுதியில், ஊருக்கு ஊர் நூல் நிலையம் என்ற பெயரில் ஏதேனும் ஒரு கட்டடம் இருக்கிறது. சில, சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952இல் தொடங்கிய பின்னர் ஊரார் தம் உடலுழைப்பைக் கொடுத்துக் கட்டியவை. சில, பொது நூலகத் துறையின் கிளைகள். இன்னும் பல, 2006 முதல் 2011 வரை நடைபெற்ற அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ், ஊராட்சிதோறும் ஒன்று என்ற முறையில் அமைந்தவை. இவற்றுள் பல இன்று பழுதுபட்டு நிற்கின்றன. இவற்றைப் புதுப்பிக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எவ்வாறு புதுப்பிப்பது, அதை முடிவு செய்வது யார் என்பதே நம் முன் உள்ள கேள்வி.

நூல் நிலையம் யாருடைய உடைமை?

சென்னை மாகாணத்தில் 1948ஆம் ஆண்டில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பெற்ற முதல் நூலகச் சட்டம் இதுவே. வீட்டு வரியுடன் சேர்த்து நூலக வரி செலுத்தும் முறை இச்சட்டத்தினால் ஏற்பட்டது. நம் ஊராட்சி ரசீதில் அந்தச் சிறு தொகை தனியாகக் குறிக்கப்பெறுவதைப் பலர் கவனிப்பதில்லை. குடிசைக்கு வரி செலுத்தும் கூலித் தொழிலாளியும், மாடி வீட்டுக்கு வரி செலுத்தும் நிலக்கிழாரும் அதனைச் செலுத்துகின்றனர். ஆகவே நூல் நிலையம் என்பது படித்தவருக்கு அரசு அளிக்கும் கொடை அன்று. வரி செலுத்தும் ஒவ்வொரு குடும்பத்தின் உடைமை.

இச்சட்டம் உருவாவதற்கு அடித்தளம் இட்டவர்களுள் தலையாயவர், சீர்காழியில் பிறந்த டாக்டர் சீ. இரா. அரங்கநாதன் அவர்கள். நூலைப் பூட்டி வைப்பது நூலகம் ஆகாது, அது வாசிப்பவரின் கைக்குப் போய்ச் சேரவேண்டும், அவருடைய நேரத்தை வீணாக்கக்கூடாது, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர்ப்பொருள் போன்றது என்ற கருத்துகளை அவர் 1931ஆம் ஆண்டில் ஐந்து விதிகளாக வகுத்து வெளியிட்டார். அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசல் கிராமத்தைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை அவர்கள், மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டு செல்லும் நடமாடும் நூலகத்தைத் தொடங்கினார். வாசிப்பவர் நூலகத்துக்கு வர இயலாவிட்டால் நூலகம் வாசிப்பவரிடம் போகட்டும் என்ற எண்ணமே அந்த வண்டியை உருட்டியது. கட்டடத்தைப் புதுப்பிக்க முற்படும் நாமும் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இந்த எண்ணத்தையே.

நாம் செய்த பிழை

பிறருக்கு அறிவுரை கூறும் முன் நம் பிழையைக் கூறிவிடுதல் முறை. சில ஆண்டுகளுக்கு முன், நம் பொறுப்பில் இருந்த ஒரு கிராமத்தில் பழைய படிப்பகம் ஒன்றைப் புதுப்பித்தோம். வரைபடம் அலுவலகத்தில் தயாராயிற்று. மதிப்பீடு சரியாக இருந்தது. வேலையும் குறித்த காலத்தில் முடிந்தது. தரைக்கு வழவழப்பான ஓடு பதித்தோம். மரச் சன்னல்களை நீக்கிவிட்டு அலுமினியச் சன்னல்கள் பொருத்தினோம். பழைய சுண்ணாம்புச் சுவரின்மீது சிமெண்டுப் பூச்சுப் பூசி, பளிச்சென்று வண்ணம் அடித்தோம். திறப்பு விழாவில் எல்லோரும் பாராட்டினர்.

இரண்டு மழைக்காலம் கழிந்தது. சுவரின் அடிப்பகுதியில் பூச்சு உப்பி, பாளம் பாளமாக விழுந்தது. அலமாரிகளைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தமையால் நூல்களில் பூஞ்சணம் பிடித்தது. அதைவிட வருத்தம் தந்தது வேறொன்று. வருகைப் பதிவேட்டில் ஒரே சிலரின் கையெழுத்தே திரும்பத் திரும்ப இருந்தது. காரணம் கேட்டபொழுது ஒரு விவசாயி கூறினார்: “ஐயா, கட்டடம் நன்றாகத்தான் இருக்கிறது. நாங்கள் வயலை விட்டு வருவதற்குள் பூட்டிவிடுகிறார்களே!” பெண்கள் கூறிய காரணம் வேறு. முன்பு தோட்டத்துப் பக்கம் இருந்த வாயிலை நாம் அடைத்துவிட்டு, சாலையோரத் தேநீர்க் கடையை நோக்கி ஒரே வாயில் வைத்திருந்தோம். கடை வாசலில் எப்பொழுதும் ஆண்கள் கூட்டம். அதைக் கடந்து உள்ளே வர அவர்களுக்கு மனம் இல்லை.

தோட்டத்து வாயிலை அடைக்கலாமா என்று ஒரே ஒரு பெண்ணிடம் கேட்டிருந்தாலும் இத்தவறு நேர்ந்திராது. கேட்க ஒரு நாழிகை போதும், நாம் கேட்கவில்லை. செலவழிந்தது ஊர்ப் பணம்.

பெரிய கட்டடங்கள் கற்பிக்கும் பாடம்

இத்தகைய பிழைகளும் அவற்றைத் தவிர்த்த முன்மாதிரிகளும் சிற்றூர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா பொது நூலகம் 1896ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. ஹென்றி இர்வின் அதனை வடிவமைத்தார். நம்பெருமாள் செட்டியார் கட்டி முடித்தார். வண்ணக் கண்ணாடி வேலைப்பாடும் வளைந்த உட்கூரையும் கொண்ட அம்மண்டபம், நூல்கள் பெருகியபோது போதாமற் போயிற்று. பழைய மண்டபத்தை இடிக்காமல், அதனை அடுத்து 1970களில் புதிய கட்டடம் எழுப்பி இரண்டையும் இணைத்தார்கள். இடம் போதவில்லை என்பது இடிப்பதற்குக் காரணமாகாது, பக்கத்தில் சேர்த்துக் கட்டவும் வழியுண்டு என்பதற்கு இது சான்று.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறு இன்னும் ஆழ்ந்த பாடத்தை அளிக்கிறது. க. மு. செல்லப்பா என்ற அன்பர் 1933ஆம் ஆண்டில் தம் இல்லத்திலிருந்தே பிறருக்கு நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டில் ஊரார் குழு அமைத்து, 844 நூல்களுடன் ஒரு வாடகை அறையில் நூலகம் திறந்தனர். பின்னர்ப் பொதுமக்கள் நிதி திரட்டிப் பெரிய கட்டடம் எழுப்ப முனைந்தபொழுது, லோங் அடிகளார் முன்னின்று உழைத்தார். சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மன் வரைபடம் அமைத்தார். நம் அரங்கநாதன் அவர்களே நூலக அமைப்புப் பற்றி ஆலோசனை கூறினார். கட்டடம் 1959ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது.

அந்நூலகம் 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி நாள் இரவில் எரியூட்டப்பெற்றது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. பின்னர் நடந்த போரிலும் கட்டடம் சிதைந்தது. அதனைப் புதுப்பிக்கும் பேச்சு எழுந்தபொழுது ஒரு பெருங்கேள்வி பிறந்தது. எரிந்த சுவர்களை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டுவிட்டு வேறோர் இடத்தில் புதிதாகக் கட்டுவதா? அல்லது பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்புவதா? இரு தரப்பினரும் நூலகத்தின்மீது அன்பு கொண்டவர்களே. முடிவில் பழைய வடிவையே மீட்டெடுத்தனர். ஒவ்வொருவரும் ஒரு செங்கல்லும் ஒரு நூலும் தருக என்ற வேண்டுகோள் 1990களின் இறுதியில் விடுக்கப்பெற்றது. வேலை 2003ஆம் ஆண்டளவில் முடிவுற்றது. ஆயினும் திறப்பு விழா பற்றிக் கடும் கருத்து வேறுபாடு எழுந்து, குறித்த நாளில் விழா நடைபெறவில்லை. கட்டடம் மீண்டது, மனங்கள் ஒன்றுபட நாட்கள் ஆயின. ஒரு நூலகத்தின் சுவர் வெறும் செங்கல் அன்று, ஊரின் நினைவும் அதில் கலந்திருக்கிறது என்பதைப் புதுப்பிக்க முனைவோர் உணர வேண்டும்.

கடற்கரைக் கிராமத்தில் ஊர் வகுத்த திட்டம்

மேற்கூறிய பிழைக்குப் பின், மாமல்லபுரத்துக்கு அண்மையில் உள்ள ஒரு கடற்கரைக் கிராமத்தில் பழைய நூல் நிலையம் பற்றிய கோரிக்கை நம்மிடம் வந்தது. ஊர்ப் பெரியவர்களின் தந்தையர் மண் சுமந்து கட்டிய கட்டடம் அது. பேருந்து நிறுத்தத்துக்கே அதன் பெயர்தான் வழங்குகிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று சிலர் கோரினர். ஒரு செங்கல்லைக்கூடத் தொடக்கூடாது என்று சிலர் கூறினர். இம்முறை நாம் அவசரப்படவில்லை. அங்கே மேற்கொண்ட முறையைப் படிப்படியாகக் கூறுகிறோம். எந்த ஊராட்சியும் இதனைப் பின்பற்றலாம்.

முதற்படி, கட்டடத்தைச் சுற்றி நடத்தல். ஊராட்சித் தலைவர், உறுப்பினர்கள், ஒன்றியப் பொறியாளர், மூத்த கொத்தனார் ஒருவர், ஊரார் சிலர் ஆகியோர் ஒருநாள் காலையில் ஒன்றாகக் கட்டடத்தைச் சுற்றி வந்தனர். எங்கே விரிசல், எங்கே ஒழுக்கு, கைப்பிடிச் சுவரில் எங்கே அரசங்கன்று முளைத்திருக்கிறது என்பவை குறிக்கப்பெற்றன. மழைநீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பதைப் பக்கத்து வீட்டு மூதாட்டி சுவரில் கை வைத்துக் காட்டினார். எந்த அளவைக் கருவியும் தராத தகவல் அது.

இரண்டாம் படி, வராதவர்களைக் கேட்டல். நூல் நிலையத்துக்கு வருபவர்களைக் கேட்பது எளிது. வராதவர்கள் ஏன் வரவில்லை என்று அறிவதே முக்கியம். மகளிர் குழுக்கள், கடல் தொழில் செய்வோர், வயல் தொழிலாளர், பள்ளிச் சிறுவர், தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் ஆகியோரை அவரவர் இடத்திலேயே சென்று கேட்டோம். மாலையில் திறந்திருக்க வேண்டும் என்றனர் விவசாயிகள். விடியற்காலையில் கடலுக்குச் சென்று முற்பகலில் திரும்பும் மீனவர்கள், பிற்பகலில் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் பார்க்க நிழல் வேண்டும் என்றனர். இளைஞர்கள் ஓசையற்ற அறையும் இணைய வசதியும் கேட்டனர். நடக்க இயலாத ஒரு மாணவர், மூன்று படிகளைக் காட்டி, “இதுவரை இந்தக் கட்டடத்தை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன்” என்றார். அங்கிருந்த எவரும் அதற்கு மறுமொழி கூறவில்லை.

மூன்றாம் படி, தரையில் வரைதல். காகித வரைபடத்தைப் படித்தறியப் பயிற்சி வேண்டும். ஆதலால் நெல் அடிக்கும் களத்தில், கட்டடத்தின் முழு அளவில், சுண்ணாம்புத் தூளினால் கோடு போட்டோம். இது வாயில், இது சன்னல், இங்கே அலமாரி என்று ஊரார் அதற்குள் நடந்து பார்த்தனர். சிறுவர் பகுதியும் தேர்வுக்குப் படிப்போர் பகுதியும் அடுத்தடுத்து இருந்தால் சச்சரவு வரும் என்பதை ஒரு பள்ளி ஆசிரியை அங்கேயே நின்று உணர்த்தினார். காலால் அழித்துக் கோட்டை மாற்றினோம். காகிதத்தில் திருத்தினால் வாரம் ஆகும். கட்டிய சுவரைத் திருத்தினால் பணம் ஆகும். சுண்ணாம்புக் கோட்டைத் திருத்தச் செலவே இல்லை.

நான்காம் படி, ஒன்றை விட்டு ஒன்றைப் பெறுதல். எல்லோரும் கேட்ட எல்லாவற்றையும் செய்ய நிதி போதாது. எனவே ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் உத்தேசச் செலவைப் பொறியாளர் பலகையில் எழுதினார். ஒழுக்கை நிறுத்துதல், சாய்தளம், தோட்டத்து வாயில் ஆகியவை முதலில் வேண்டும் என ஊரார் முடிவு செய்தனர். தரை ஓடும் குளிர்சாதனமும் பின்னுக்குப் போயின. குளிர்சாதனம் கேட்ட இளைஞர்கள் மனம் குறைந்தனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஏன் கிடைக்கவில்லை என்பதை அவர்கள் அறிவார்கள். முடிவு அவர்கள் முன்னிலையிலேயே எடுக்கப்பெற்றது. கட்டடத்தை இடிக்க வேண்டியதில்லை என்ற முடிவும் அன்றே ஏற்பட்டது. சுவர்கள் உறுதியாக உள்ளன என்று பொறியாளரும் கொத்தனாரும் ஒருமித்துக் கூறியமையே அதற்குக் காரணம்.

பழைய கட்டடத்தின் இயல்பு

பழுது பார்க்கும் முறையில் நாம் அறிந்த சிலவற்றை இங்கே கூறுவது பயன் தரும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை உறிஞ்சும். வெயிலில் அதனை வெளியேயும் விடும். அதன்மேல் கெட்டியான சிமெண்டுப் பூச்சுப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, உப்புடன் சேர்ந்து பூச்சைத் தள்ளிவிடும். எனவே சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது. சுண்ணாம்பை நன்கு ஊறவிட்டு, மணலுடன் அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பது நம் பழைய கொத்தனார்களின் முறை. அதனை அறிந்தவர் ஊரில் இன்னும் இருப்பின் அவரைத் தேடிப் பிடித்து, இளைஞர் இருவரை அவரிடம் வேலை பழகச் செய்தல் நலம்.

மெட்ராஸ் டெரஸ் என்று கொத்தனார்கள் கூறும் தளத்தில், மரச் சட்டங்களின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பாவியிருப்பார்கள். இத்தளம் கெடுவது பெரும்பாலும் நீர் தேங்குவதால்தான். வாட்டத்தைச் சரி செய்து, நீர்த்தாரையை அடைப்பின்றி வைத்து, கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசங்கன்றை வேரோடு நீக்கினால் தளம் நீண்ட காலம் உழைக்கும்.

கான்கிரீட் கட்டடங்களுக்குக் கடற்கரையில் வேறு பகை உண்டு. உப்புக் காற்று கான்கிரீட்டின் உள்ளே ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய கம்பி பருத்து, மேலுள்ள கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். உடைந்த இடத்தில் மேலாகப் பூசி மறைப்பது புண்ணை மூடி வைப்பது போன்றது. தளர்ந்த பகுதியை முழுவதும் நீக்கி, கம்பியைச் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூசி, அதன் பின்னரே மூட வேண்டும். கடல் மணலையும் உவர் நீரையும் கலவைக்குப் பயன்படுத்தவே கூடாது. நம் கரையில் 2012இல் நீலம் புயலும் 2022இல் மாண்டஸ் புயலும் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தன. அத்தகைய இரவுகளில் ஊரார் ஒதுங்க நாடுவது பொதுக் கட்டடங்களையே என்பதால், கூரையின் உறுதியில் சிக்கனம் பார்த்தல் ஆகாது.

சாய்தளம் பற்றியும் ஒரு சொல். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. ஒன்றரை அடி உயரமுள்ள வாயிலுக்குப் பதினெட்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். இடம் இல்லையென்று செங்குத்தாகக் கட்டினால் அது பெயரளவிற்கே சாய்தளம். அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தலும், எதிரெதிராகச் சன்னல்கள் திறந்து காற்றோட வழி செய்தலும், நூல்களை ஈரத்திலிருந்தும் கரையானிலிருந்தும் காக்கும் எளிய வழிகள்.

கிராம சபையின் கடமை

ஊரார் வகுத்த திட்டம் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேறினால்தான் அதற்கு வலிமை உண்டு. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகியவற்றோடு, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபை கூட வேண்டும் என 2022இல் அறிவிக்கப்பெற்றது. இவற்றுள் ஒரு கூட்டத்தில் வரைபடத்தையும் மதிப்பீட்டையும் எல்லோரும் காணும்படி சுவரில் ஒட்டி விளக்குதல் வேண்டும். பொதுமக்கள் பங்களிப்புடன் நடைபெறும் ‘நமக்கு நாமே’ போன்ற திட்டங்களில் எந்த வேலைக்கு இடமுண்டு என்பதை ஒன்றிய அலுவலகத்தில் முன்னரே கேட்டறிதல் நன்று.

வேலை நடைபெறும்பொழுது மேற்பார்வைக்கு ஐவர் கொண்ட குழுவை ஊரார் நியமிக்கலாம். அதில் இருவரேனும் பெண்களாக இருத்தல் வேண்டும். வந்திறங்கும் மணலையும் சுண்ணாம்பையும் அவர்கள் பார்ப்பார்கள் என்று தெரிந்தாலே பாதித் தவறுகள் நேரா. திறந்திருக்கும் நேரம், சாவி யாரிடம், கூட்டித் துடைப்பவர் யார் என்பவற்றையும் அதே தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும். பூட்டிய கட்டடத்தை எவ்வளவு அழகாகப் புதுப்பித்தாலும் அது பூட்டிய கட்டடமே. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில் ஒருநாள், ஊரார் கூடித் தளத்தைத் துப்புரவு செய்து, நீர்த்தாரைகளைப் பார்த்தல் வேண்டும். ஒருநாள் உழைப்பு, பல ஆண்டுச் செலவை மிச்சப்படுத்தும்.

நாம் கூறிய கடற்கரைக் கிராமத்தில் இன்று நூல் நிலையம் மாலையிலும் திறந்திருக்கிறது. தோட்டத்து வாயில் வழியே பெண்கள் வந்து போகின்றனர். திண்ணையில் மீனவர்கள் செய்தித்தாளை விரித்து அமர்ந்திருக்கின்றனர். குறைகள் இல்லாமலில்லை. இணையம் அடிக்கடி நின்றுபோகிறது. மின்விசிறி இன்னும் ஒன்று வேண்டும் என்கின்றனர். சாய்தளத்தின் வழியே முதன்முறை உள்ளே சென்ற அந்த மாணவர், நேரே அலமாரியை அடைந்து, மேல்தட்டு தமக்கு எட்டவில்லை என்று கூறினார். அடுத்த வாரமே ஊரார் தச்சரை அழைத்துத் தட்டைக் கீழே இறக்கினர். இதற்காக அவர்கள் நம் அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் இருப்பதாகவும் எண்ணவில்லை. கட்டடம் தங்களுடையது என்று உணர்ந்த ஊர் இவ்வாறுதான் நடந்துகொள்ளும்.

உங்கள் ஊர் நூல் நிலையத்தின் பூட்டு துருப்பிடித்திருப்பின், மதிப்பீடு கேட்டு எழுதுவதற்கு முன் ஒருநாள் காலையில் நாலு பேராக அதனைச் சுற்றி நடந்து வாருங்கள். வழியில் எதிர்ப்படுபவரை நிறுத்தி, நீங்கள் ஏன் இங்கு வருவதில்லை என்று கேளுங்கள். வேலை அங்கிருந்தே தொடங்கட்டும்.